ஓடாமல் ஆடியவன்

பந்தாட்டக்காரனைத் தேர்ந்தெடுப்பதும் சந்தையில் மாடு பிடிப்பதும் ஒன்றுதான் என்பார் எங்கள் மில்லின் விளையாட்டு அதிகாரி. பல்லைப் பார், குளம்பைப் பார், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார். அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். கொடுத்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல. என் வலது மூட்டு போய்விட்டது. மில் டீமில் இனி ஆட முடியாது, ஆனால் பஸ் ஏறி ஊர் ஊராகப் போக என்னைப் போல ஆசைப்பட்டவன் அங்கே வேறு யாரும் இல்லை.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆற்காட்டில் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டினேன். லாரியில் கிளீனராகப் போனேன். ஒரு சர்க்கஸ்காரனோடு கூடாரம் அடித்துக்கொண்டு சுற்றினேன். மழை பிடித்துக்கொண்ட ஊரில் அவன் சம்பளம் கொடுக்காமல் போனான். தெற்கே ஒரு பஞ்சாலையில் கூலியாகச் சேர்ந்த இடத்தில்தான் பாஸ்கட் பாலைப் பார்த்தேன். ஆள் உயரம், பசி அதிகம். ஆடினேன்.

அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு ஆடுவது என்றால் மில், ரயில்வே, போலீஸ், அவ்வளவுதான். காலையில் பேருக்கு ஒரு வேலை. மாலையில் மைதானம். தங்க இடமும் சோறும் மில்லுடையது. உடம்புக்கு வந்தால் மில் ஆஸ்பத்திரி. பஞ்சுத் தூசி எல்லார் நெஞ்சிலும் ஏறுகிற இடம் என்பதால் நெஞ்சு நோய்க்குத் தனி வார்டே வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்கிற ஆட்டக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. மற்றத் தொழிலாளியை டாக்டர் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆட்டக்காரனை முதலில் சேர்த்துக்கொள்வார்கள், போட்டிகள் முடிந்த பிறகு டாக்டரிடம் அனுப்புவார்கள். போட்டிக்கு ஆள் வேண்டும், டாக்டருக்கு என்ன அவசரம்? இந்த வழக்கம் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரு கார்டு தேவைப்பட்டான். பந்தைப் பின்னாலிருந்து எடுத்துவந்து, யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவன். இப்போது பாயிண்ட் கார்டு என்கிறார்கள். உயரமானவன் எங்கேயும் கிடைப்பான், எம்பிக் குதிக்கிறவனும் கிடைப்பான். ஆட்டத்தைத் தலைக்குள் வைத்திருக்கிறவன் கிடைப்பதில்லை. நகரி நெசவுக்காரர்களின் டீமில் அப்படி ஒருவன் இருப்பதாகவும், திருப்பதியில் ஆடப் போகிறான் என்றும் தகவல் வந்தது. போனேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிருந்த சமயம். எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடைதோறும் சண்டை. கையில் சுண்ணாம்பு டப்பாவோடு நான் நின்றால் எல்லைக்கோடு போட வந்தவன் என்று கேலி செய்தார்கள். அது மைதானத்துக் கோடு போடுகிற சுண்ணாம்பு. ரெஃப்ரிக்கு உதவி செய்தால் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு.

திருப்பதியில் மலையடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானம். செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து உருளை போட்டு இறுக்கியிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த மொட்டைத் தலைகள் சந்தனம் காயாமல் சுற்றி நின்றன. நகரி டீம் வெறுங்காலோடு இறங்கியது. எனக்குச் சொல்லப்பட்டவனை உடனே கண்டுகொண்டேன். ஒல்லி. இருபதைத் தாண்டியிருக்க மாட்டான். ஒரு கன்னம் புடைத்திருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு ஆடுகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் ஓடவில்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பந்தை வாங்கிக்கொண்டு வயல் வரப்பில் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். கூட்டத்தில் ஒருவன் தெலுங்கில், "தொரகாரு, பல்லக்கி தேவாலா?" என்று கத்தினான். பல்லக்கு கொண்டுவரட்டுமா துரை என்று கேட்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுக்கு வெளியே எச்சிலைத் துப்பிவிட்டு அவனும் சிரித்தான். சிரிக்கும்போதே பந்து கையை விட்டுப் போயிருந்தது. யாரும் இல்லாத மூலைக்குப் போயிற்று. அங்கே எங்கிருந்தோ ஒருவன் பாய்ந்து வந்து, திரும்பி, இரண்டு கையையும் விரித்தான். பந்து கையில் வந்து உட்கார்ந்தது. ரிங்கில் போட்டான். மூலைக்கு ஓடியவன் இவனுடைய அண்ணன், டீம் கேப்டன். நல்ல கட்டை, நல்ல கால்.

ஆட்டம் முழுக்க இப்படித்தான். இவன் நின்றான், மற்ற நாலு பேர் ஓடினார்கள். யார் எங்கே ஓட வேண்டும் என்று தாடையால் காட்டினான். எதிராளி பந்தைப் பிடுங்க வந்தால் தோளை மட்டும் திருப்பினான். எதிரிக்குப் பந்து போனால் திரும்பி ஓடித் தடுக்க வேண்டும் அல்லவா? அதையும் செய்யவில்லை. நடுக்கோட்டில் நின்றுகொண்டே இருந்தான். எதிரி அவசரத்தில் தூக்கி எறிகிற பந்து நடுக்கோட்டைத் தாண்டித்தானே போக வேண்டும். ஒரு கையை நீட்டினான், பந்து இவனுடையது.

நான் எத்தனையோ கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வயது ஏறிக் கால் தளர்ந்த பிறகுதான் இப்படி ஆடக் கற்றுக்கொள்வார்கள். இவனுக்கு மீசை கூடச் சரியாக வரவில்லை. மனசுக்குள் அவனை மில்லில் சேர்த்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து அண்ணன்காரனிடம் போய் நான் யார் என்று சொன்னேன். அவன் முகம் மாறிய விதம் நினைவிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவன் பயந்த மாதிரி பார்த்தான்.

"எத்தன நாள்ல சேத்துப்பாங்கணா?" என்று கேட்டான்.

"இன்னொரு ஆட்டம் பாக்கணும்."

"இன்னொண்ணு இன்னாத்துக்கு? இதான் பாத்துட்டீங்களே."

தம்பி பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சோறு தின்றுகொண்டிருந்தான். "பாக்கட்டும்ணா. மாடு வாங்கறவன் ரெண்டு வாட்டி சுத்தி வந்துதான் பாப்பான்" என்றான். எங்கள் அதிகாரி சொல்வதையே இவனும் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அடுத்த ஆட்டம் சித்தூரில், போலீஸ் டீமோடு. அவர்களோடு ஒரே பஸ்ஸில் போனேன். சந்திரகிரி தாண்டியதும் பஸ்ஸில் எல்லைப் பேச்சு ஆரம்பித்தது. கண்டக்டர் தெலுங்கில் ஒன்று சொன்னான், மாம்பழக் கூடையோடு இருந்தவர் தமிழில் பதில் சொன்னார், கண்டக்டரும் தமிழுக்கு வந்தான்.

"எங்க ஊரு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு இன்னும் சொல்லல. கேட்டா கமிஷன் வருதுன்றாங்க" என்றார் கூடைக்காரர்.

"நீ எந்தப் பக்கம் போனாலும் உன் கூடைக்கு டிக்கெட் உண்டுய்யா" என்றான் கண்டக்டர்.

பஸ் சிரித்தது. அண்ணன்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கறாங்க பாரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். தம்பி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காற்று குளுமையாக இருந்தும் கழுத்தில் வேர்வை. அதைப் பார்த்தேன். நேற்று ஆடிய களைப்பு என்று நினைத்தேன்.

ஒருவனுக்குச் சரி சொல்வதற்கு முன் நான் எப்போதும் ஒரு காரியம் செய்வேன். எதிர் டீம் கேப்டனிடம் போய், உங்களிடம் இருக்கிற முரட்டு ஆளை இவன் மேல் ஒட்டிவிடுங்கள், ஒரு நிமிஷமும் நிற்கவிடாதீர்கள் என்று சொல்வேன். மில்லில் ஆடப் போனால் நடக்கப் போவது அதுதான். போலீஸ் கேப்டன் எனக்குப் பழக்கம். "ஆ தொரனா? பரிகெத்திஸ்தாம்" என்றான். அந்தத் துரையா, ஓடவைக்கிறோம் என்று.

மைதானத்தில் இறங்கும்போது இன்னொன்றும் நடந்தது. அன்று பார்க்க ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. நாற்காலி போட்டு, கோடுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ரெஃப்ரி தம்பியின் கன்னத்தைப் பார்த்து, வெற்றிலையைத் துப்பு, வாயைக் கொப்பளித்துவிட்டு வா, இல்லாவிட்டால் இறங்காதே என்றார். அண்ணன்காரன் சண்டைக்குப் போனான். வெற்றிலை ரூலில் எங்கே இருக்கிறது என்றான். தறிக் குழியிலேயே வெற்றிலை போடுகிறவர்கள் நாங்கள், வாய் சும்மா இருந்தால் கை ஓடாது என்றான். அவ்வளவு பெரிய சண்டைக்கு அது தகுந்த விஷயமே இல்லை. தம்பி குழாயடியில் போய்க் கொப்பளித்துவிட்டு வந்தான்.

ஆட்டம் தொடங்கியது. போலீஸ்காரன் ஒருவன், கரடி மாதிரி, தம்பியை விட்டு நகரவில்லை. பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெஞ்சோடு நெஞ்சு. நின்றால் பந்து போகும். தம்பி ஓட ஆரம்பித்தான்.

ஓடினான். நன்றாகவே ஓடினான். ஆனால் ஓடியவுடன் அவன் மற்றவர்களைப் போல ஆகிவிட்டான். பந்து கையில் வந்ததும் யாரிடமாவது தள்ளிவிட்டான். அண்ணன்காரன் மூலைக்குப் போய்த் திரும்பிக் கையை விரிப்பதற்குள் பந்து வந்து எதிரியிடம் போய்விட்டது. தாடையைக் காட்டவில்லை. திருப்பதியில் நான் பார்த்தவன் அங்கே இல்லை. சாதாரணமான, கொஞ்சம் சாமர்த்தியமான ஒரு கார்டு. ஜில்லாவுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள்.

பாதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் பந்து வெளியே போயிற்று. வேப்பமரத்துப் பக்கம் உருண்டது. தம்பி அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். அண்ணன்காரன் ஓடிப்போய் அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டான். நான் பந்தை எடுக்கப் போனேன். தம்பி துப்பிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவன் சிவப்பாகத் துப்ப வழியில்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் பந்தை எடுத்துப் போய் ரெஃப்ரியிடம் கொடுத்தேன். இரண்டாம் பாதியில் அவன் இறங்கவில்லை. நகரி தோற்றது.

சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி மறுபடி வெற்றிலை போட்டிருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

அண்ணன்காரன்தான் பேசினான். "போன வருசம் மாங்கா சமயத்துலேர்ந்து. ஊருக்குத் தெரியாது. தெரிஞ்சா தறில யாரும் பக்கத்துல உக்காரமாட்டான், டீம்ல தண்ணி செம்பு தரமாட்டான். வெத்தல போட்டுக்கினு ஆடுடான்னேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போகாம? மெட்ராஸ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். எந்த ஊருன்னான். சொன்னேன். நீங்க ஆந்திராவாச்சே, அங்க போங்கன்னான். அங்க போனா, உங்க ஊரு மெட்ராஸ் கேட்டுக்கினு கீதே, அத்த முடிவு பண்ணிக்கினு வா, மதனப்பள்ளி நெஞ்சு ஆஸ்பத்திரில கட்டில் வந்தா சொல்றோம்ன்றான். நாங்க இன்னா கேட்டோம்? எங்க நைனா எந்தக் கட்சிக்கும் கொடி புடிக்கல. உங்க மில்லுல நெஞ்சு ஆஸ்பத்திரி கீதாம். ஆட்டக்காரன உள்ள வுட்டுட்டு அப்பறந்தான் டாக்டர் பாப்பானாம். உள்ள பூட்டா அவங்க பாத்துத்தான ஆவணும்?"

வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள். ஒரு கட்டில் வேண்டும், அதற்கு வழி பாஸ்கட் பால். நான் சரி என்று சொன்னால் போதும். தம்பி மில்லுக்குள் போவான்.

"மில்லுல பன்னெண்டு பேரு ஒரே ரூம்ல படுக்கறாங்க. ஒரே பானை. மொத மாசமே இவன ஓடவுடுவாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் இவன் இருக்கமாட்டான். நான் பாத்தத சொல்லிடுவேன்" என்றேன்.

"நீ இன்னா டாக்டரா?" அண்ணன்காரன் எழுந்துவிட்டான். மரியாதை போய்விட்டது. "பந்து ஆடறானா, ஆடலியா, அத்த மட்டும் சொல்லு. உன்ன அதுக்குத்தான அனுப்புனாங்க. நொண்டிக்கால வெச்சுக்கினு ஊரு ஊரா துன்னுக்கினு திரியறவன், என் தம்பி சோத்துல கைய வெக்கிறியே."

"உக்காருணா" என்றான் தம்பி. பிறகு என்னிடம் திரும்பினான். "நோவ வுடுங்க. ஆட்டத்த சொல்லுங்க. நெசமா சொல்லணும்."

சொன்னேன். திருப்பதியில் பார்த்ததைச் சொன்னேன். நடுக்கோட்டில் நின்றதை, தாடையைக் காட்டியதை, யாரும் இல்லாத மூலைக்குப் பந்து போட்டதை. அப்படி ஒரு கார்டை எங்கள் மில் இதுவரை பார்த்ததில்லை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான். "மூச்சு வாங்கறதாலதான் நிக்க ஆரம்பிச்சேன். நின்னதாலதான் மத்தவன் ஓடறது கண்ணுல பட்டுது. எனக்கு நோவு வராம இருந்து, நானும் ஓடிக்கினு இருந்திருந்தா, இந்த ஆட்டம் வந்திருக்குமா?"

அதை அவன் வெகு நாளாக யோசித்து வைத்திருந்தான் என்று தெரிந்தது. சித்தூரில் அவன் ஓடியதை நானும் பார்த்திருந்தேன்.

"வந்திருக்காது" என்றேன்.

"நானும் அப்டிதான் நெனச்சேன்" என்றான். டீயைக் குடித்துவிட்டு கிளாசைத் தானே கழுவி, கடைக்காரன் வைத்திருந்த மற்ற கிளாசுகளோடு சேர்க்காமல் தனியாக வைத்தான்.

மில்லுக்குப் போய் அதிகாரியிடம் பார்த்தபடி சொன்னேன். அவனை எடுத்து, முதலில் வார்டில் போட்டுக் குணப்படுத்தினால் என்ன என்றும் கேட்டேன். ஊசி வந்துவிட்ட காலம்தான் அது, பிழைக்கிறவர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கார்டு கேட்டேன். நீ நோயாளியைக் கூட்டிவரலாமா என்கிறாய். பிழைத்து எழுந்தால் இதே ஆட்டம் ஆடுவானா?"

எழுந்தால் ஓடுவான், ஓடினால் சாதாரண ஆள்.

"அந்த டீமில் வேறு யாரும் இல்லையா?" என்றார்.

அண்ணன் இருக்கிறான், கால் நல்ல கால், ஆனால் அவன் போடுகிற பாயிண்டில் பாதி தம்பியுடையது என்றேன். நல்ல கால் என்றதை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொண்டார். நகரிக்கு ஆள் அனுப்பினார்கள். அண்ணன்காரன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். தம்பி போகச் சொன்னானாம். தம்பியின் ஊசிக்குப் பணம் அனுப்பலாம் என்று வந்திருக்கிறான். என்னோடு பேசவில்லை.

மில்லில் அவன் ஆடியதை ஒரு சீசன் முழுக்கப் பார்த்தேன். ஓடுவதில் குறை இல்லை. மூலைக்குப் பாய்ந்து போவான், திரும்புவான், இரண்டு கையையும் விரிப்பான். பந்து வராது. எங்கள் புது கார்டு ரயில்வேயிலிருந்து வந்தவன், கெட்டிக்காரன், ஆளைப் பார்த்துத்தான் பந்து போடுவான். "ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குடா ஓடறே?" என்று திட்டுவான். அண்ணன்காரன் அடுத்த முறையும் அங்கேதான் ஓடினான். அவன் காலுக்கு வேறு இடம் தெரியவில்லை.

சீசன் நடுவில் ஊரிலிருந்து ஆள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். தம்பிக்குக் காரியம் முடித்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். எல்லை அப்போதும் முடிவாகவில்லை. அது முடிவானது பின்னால், சில வருஷம் கழித்து. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றது.

போட்டிகள் முடிந்ததும் வழக்கப்படி புது ஆட்டக்காரர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். அண்ணன்காரனின் நெஞ்சிலும் இருந்தது. தம்பியோடு ஒரே அறையில் படுத்தவன், அவனைத் தாங்கிப் பிடித்தவன். சேர்ந்துவிட்ட தொழிலாளி என்பதால் மில் அவனை வெளியே தள்ள முடியாது. வார்டில் கட்டில் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வெள்ளைத் துணி விரித்த இரும்புக் கட்டில், பக்கத்தில் மூடி போட்ட எச்சில் கிண்ணம். உடம்பு தேறிக்கொண்டு வந்தது, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் படுத்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். படுக்கவில்லை.

"அவனப் பத்தி இங்க இன்னா சொன்ன?" என்றான்.

"நடுக்கோட்டுல நின்னுக்கிட்டே நாலு பேரை ஆட்டுவான், இந்த மில்லு இதுவரைக்கும் பாக்காத கார்டுன்னு சொன்னேன். ஓடமாட்டான்னும் சொன்னேன்."

"மொதல்ல எத்த சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். "ஓடமாட்டான்னுதான் மொதல்ல சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். கட்டிலின் இரும்பை இரண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தான். "வெத்தல கீதா?" என்று கேட்டான். வார்டில் கூடாது என்றேன். "தெரியும். சும்மா கேட்டேன்" என்றான்.

அந்தக் கோடையில் மில் என்னையும் கணக்கு முடித்து அனுப்பியது. நான் வேறு ஊர் போனேன்.